மோதலுக்கு முன்னும் பின்னும்

பத்து கிராம் ஈயக் குண்டு ஒன்று கயிற்றில் தொங்கும் மரக்கட்டைக்குள் பாய்ந்து அங்கேயே தங்கிவிடுகிறது. கட்டையும் குண்டும் சேர்ந்து இரண்டு கிலோ. இரண்டும் ஒன்றாக ஊசலாடி 20 செ.மீ. உயரம் ஏறுகின்றன. குண்டு வந்த வேகம் என்ன?

பிளஸ் ஒன் இயற்பியல் படித்தவர்கள் ஏதாவது ஒரு வடிவில் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள். வருடக்கணக்காக நான் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவருகிறேன். பாடம் இல்லாத நாட்களிலும் தாளை எடுத்துத் தனியாகப் போட்டுப் பார்ப்பதுண்டு. விடை எப்போதோ மனப்பாடம். அந்த விடைக்குப் போகும் வழியில் நின்று பார்ப்பதற்காகத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். கட்டை 20 செ.மீ. ஏறியது என்றால், ஏறத் தொடங்கியபோது அதன் வேகம் எவ்வளவு? ஊசல் ஏறும்போது இயக்க ஆற்றல் முழுவதும் உயரமாக மாறுகிறது, வழியில் குறைவதில்லை. ஈர்ப்பு முடுக்கத்தைப் பத்து என்று வைத்துக்கொண்டால் வேகத்தின் வர்க்கம் நான்கு. வேகம் வினாடிக்கு 2 மீட்டர். இப்போது மோதலுக்கு வருவோம். மோதி முடித்ததும் 2 கிலோ, 2 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. உந்தம் 4. மோதுவதற்கு முன்னால் கட்டை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே அந்த நான்கும் குண்டு கொண்டுவந்தது. 0.01 கிலோவால் வகுத்தால் வினாடிக்கு 400 மீட்டர்.

முதல் பாதிக்கு உந்தம், இரண்டாம் பாதிக்கு ஆற்றல். எந்த இடத்தில் ஒன்றை விட்டு மற்றதைப் பிடிப்பது என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். தொடக்கம் முதல் கடைசிவரை ஆற்றலையே பிடித்துக்கொண்டு போனால் 28 மீட்டர் என்று வரும். மணிக்கு நூறு கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் போகும் காரின் வேகம். துப்பாக்கியிலிருந்து வந்த குண்டுக்கு அது பொருந்தாது.

குண்டிடம் இருந்த இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் 800 ஜூல். மோதிய பிறகு கட்டையும் குண்டுமாகச் சேர்ந்து வைத்திருப்பது 4 ஜூல். கரும்பலகையில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது, முன் வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள்: “மிச்சம் 796 ஜூல் எங்க சார் போச்சு?”

“மரத்தைக் கிழிச்சது, ஈயத்தை நசுக்கினது, சூடாக்கினது, சத்தமாப் போனது.”

“எதுக்கு எவ்வளவுன்னு தெரியுமா சார்?”

“தெரியாதும்மா.”

“அது தெரியாமலே வேகம் மட்டும் எப்படி சார் சரியா வருது?”

இந்தக் குறிப்புகள் அவளுடைய அந்தக் கடைசிக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தபோது எழுதியவை.

*

புத்தகத்தில் இருக்கும் பதில் நியூட்டனின் மூன்றாம் விதி. மரம் குண்டைத் தடுக்கும் விசையும் குண்டு மரத்தைத் தள்ளும் விசையும் ஒவ்வொரு கணமும் சமம், எதிரெதிர்த் திசை. ஒரே நேர அளவுக்குத்தான் இரண்டும் செயல்படுகின்றன. ஆகவே குண்டு இழந்த உந்தம் அப்படியே கட்டைக்கு வந்து சேர்கிறது. நடுவில் எந்த நார் முதலில் அறுந்தது, ஈயம் எப்படி நசுங்கியது என்பதெல்லாம் அந்தச் சோடி விசைகளுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

பதில் சரிதான். ஆனால் அவள் கேட்டதில் இன்னொரு பாதி இருக்கிறது. ஆற்றலும் அழியாத ஒன்றுதானே? அது மட்டும் ஏன் நம் கணக்கிலிருந்து நழுவிப்போகிறது?

ஆற்றலுக்குத் திசை கிடையாது. குண்டு நின்ற இடத்தைச் சுற்றி மரத்தின் மூலக்கூறுகள் முன்னைவிட வேகமாக அதிர்கின்றன. ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம், ஒன்று மேலே. ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. இடது பக்கம் போவதன் ஆற்றலும் வலது பக்கம் போவதன் ஆற்றலும் கூடத்தான் செய்யும். ஒன்றை ஒன்று கழிக்காது. 796 ஜூலும் இப்படித்தான் கோடானுகோடி சின்ன அதிர்வுகளாகப் பிரிந்து, சூடு என்ற பெயரில் மரத்துக்குள் மறைந்துவிடுகிறது.

உந்தத்துக்குத் திசை உண்டு. இடது பக்கம் அதிரும் மூலக்கூறின் உந்தமும் வலது பக்கம் அதிரும் மூலக்கூறின் உந்தமும் ஒன்றையொன்று அடித்துவிடும். தாறுமாறான அதிர்வுகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் மிஞ்சுவது சுழிதான். குண்டு கிழக்கே 4 கொண்டுவந்தது என்றால், அந்தக் கிழக்கு நோக்கிய நான்கைத் தாறுமாறான அதிர்வுக்குள் ஒளித்துவைக்க இடமில்லை. கட்டை முழுசாகக் கிழக்கே நகர்ந்துதான் ஆக வேண்டும்.

ஆற்றல் ஒளிந்துகொள்ளும், உந்தத்தால் ஒளிய முடியாது. இந்த விதியில் என்னை இத்தனை காலமாகப் பிடித்து வைத்திருப்பது இதுதான் என்று எழுதும்போதுதான் தெளிவாகிறது.

*

“வெளி விசை எதுவும் செயல்படாதபோது” என்று விதியின் தொடக்கத்தில் ஒரு வாசகம் வரும். ஒப்பிக்கும்போது பிள்ளைகள் அதை மூச்சு விடாமல் தாண்டிப் போவார்கள். எனக்கோ விதியின் உயிரே அங்கேதான் இருப்பதாகத் தோன்றும்.

தொங்கும் கட்டைக்கு வெளி விசை இல்லையா? புவி கீழே இழுக்கிறது, கயிறு மேலே இழுக்கிறது. இரண்டும் செங்குத்து, குண்டு கிடையாக வருகிறது. அதனால் கிடைத்திசையில் குறுக்கீடு இல்லை. சரி, கட்டை கொஞ்சம் நகர்ந்ததும் கயிறு சாய்ந்துவிடுமே, அப்போது அதன் இழுவிசைக்குக் கிடைக்கூறு வந்துவிடுமே? வரும். எவ்வளவு என்று பார்த்தால் மனசு அமைதியாகும்.

குண்டு மரத்துக்குள் 20 செ.மீ. போய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 400இலிருந்து ஏறக்குறைய நிற்கும்வரை சராசரி வேகம் சுமார் 200 மீட்டர். ஆக எடுத்துக்கொண்ட நேரம் ஒரு மில்லி வினாடி. அதற்குள் கட்டை நகர்ந்தது ஒரு மில்லிமீட்டர். கயிறு ஒரு மீட்டர் நீளம் என்றால் சாய்வு ஆயிரத்தில் ஒன்று. 20 நியூட்டன் இழுவிசையின் கிடைக்கூறு 0.02 நியூட்டன், அதுவும் ஆயிரத்தில் ஒரு வினாடிக்கு மட்டும். கயிறு திருடிக்கொண்ட உந்தம், குண்டு கொண்டுவந்ததில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

அடுத்த அரை வினாடியில் அதே கயிறும் அதே புவியும் சேர்ந்து கட்டையின் உந்தம் முழுவதையும் வாங்கிக்கொண்டு அதை உச்சியில் நிறுத்திவிடும். அப்போது உந்த விதியைக் கையில் எடுத்தால் பொய் சொல்லும். ஆக, எதைச் சுற்றி எல்லைக்கோடு போடுகிறோம், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை போடுகிறோம் என்பதைத் தீர்மானிப்பதே கணக்கில் நாம் செய்யும் வேலை. பெருக்கலும் வகுத்தலும் அதற்குப் பின்னால் தானாக வரும்.

பிள்ளைகளிடம் முதலில் பென்சிலால் ஒரு வட்டம் போடச் சொல்கிறேன். வட்டத்துக்குள்ளே இருப்பவை எவை, வெளியிலிருந்து கை நீட்டுபவை எவை? அதை எழுதிய பிறகுதான் எண்கள்.

*

இந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். பெஞ்சமின் ராபின்ஸ், 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் குவேக்கர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். கணிதம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை நம்பகமாக அளக்கும் வழி அதுவரை யாரிடமும் இல்லை. கண்ணால் தொடர முடியாத ஒன்றை எந்தக் கடிகாரம் அளக்கும்? ராபின்ஸ் குண்டைத் துரத்தவில்லை. அதைக் கனமான ஊசல் ஒன்றில் மோதவிட்டு, மெதுவாக நகரும் ஊசலை அளந்தார். 1742இல் வந்த பீரங்கிக் கலை பற்றிய அவருடைய நூலில் இந்த முறை இருக்கிறது.

முக்காலியில் தொங்கும் ஓர் இரும்புத் தகடு, அதன் முகத்தில் தடித்த மரப்பலகை. எல்லாம் சேர்ந்து ஐம்பது பவுண்டுக்கு மேல். அடியில் ஒரு மெல்லிய ரிப்பனைக் கட்டி, அதை இரண்டு எஃகு விளிம்புகளுக்கு நடுவே இழுபடும்படி விட்டிருந்தார். குண்டு பட்டதும் ஊசல் பின்னால் போகும். ரிப்பனும் கூடவே போகும். ஊசல் திரும்பி வந்த பிறகு எவ்வளவு ரிப்பன் இழுபட்டிருக்கிறது என்று நிதானமாக அளந்துகொள்ளலாம். மின்னல்போல் நடந்து முடிந்த ஒன்றின் கணக்கு, துணி நாடாவின் நீளமாக மேசைமேல் கிடக்கும். அந்த ரிப்பனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. அவர் கணக்கிட்ட வேகம் வினாடிக்கு 1,600 அடிக்கும் மேலே போனது, ஒலியைவிட வேகம்.

பிறகு ஊசலை வெவ்வேறு தூரங்களில் நிறுத்திச் சுட்டார். தூரம் கூடக்கூட வேகம் குறைந்தது. காற்று குண்டை ஒன்றும் செய்யாது என்று நம்பிப் பரவளையம் வரைந்துகொண்டிருந்த பீரங்கிக்காரர்களுக்கு, காற்றின் தடை எவ்வளவு பெரியது என்பதை அந்த ஊசல் காட்டிக்கொடுத்தது. அவருடைய நூலை 1745இல் ஜெர்மனில் மொழிபெயர்த்தவர் லியோன்ஹார்ட் ஆய்லர். மூலத்தைவிடப் பெரிய விளக்கவுரையும் சேர்த்து வெளியிட்டார்.

ராபின்ஸ் கடைசியாக வந்து சேர்ந்த இடம் நம் கடலூர். கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைப் பலப்படுத்த அவரைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750இல் வந்தார். 1751 ஜூலையில் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். நாற்பத்து நான்கு வயது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கோட்டையின் எச்சம் தெரிந்திருக்கும். நம் பிள்ளைகள் பரீட்சையில் போடும் ஊசல் கணக்கின் தகப்பன் அங்கே செத்துப்போனார் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் என் கண்ணில் பட்டதில்லை. ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

அவர் வேலை செய்தது கோட்டைக்கும் பீரங்கிக்கும், அதுவும் வணிகம் செய்ய வந்து நாட்டைப் பிடித்த ஒரு கம்பெனிக்காக. அதையும் சேர்த்தேதான் அந்த வரியை எழுத வேண்டும்.

*

திசையைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது எளிதில் கிடைத்த அறிவு இல்லை. 1644இல் தெக்கார்த் தன் மோதல் விதிகளை வெளியிட்டபோது, உலகில் இயக்கத்தின் மொத்த அளவு மாறாது என்றார். நிறையையும் வேகத்தையும் பெருக்கினார், திசையை விட்டுவிட்டார். அதனால் அவருடைய விதிகளில் ஒன்று இப்படி ஆனது: சும்மா இருக்கும் ஒரு பொருள் தன்மேல் வந்து மோதுவதைவிடக் கொஞ்சம் பெரியதாக இருந்தாலே போதும், எவ்வளவு வேகமாக மோதினாலும் அது அசையாது, மோதிய சிறியதுதான் அதே வேகத்தில் திரும்பும்.

கேரம் போர்டு இருக்கும் வீட்டில் யாரும் இதை நம்ப மாட்டார்கள். ஸ்ட்ரைக்கரை நடுவில் வைத்து, ஒரு காயைச் சுண்டி அதன்மேல் விட்டுப் பாருங்கள். ஸ்ட்ரைக்கர் காயைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். ஆனாலும் நகரும். காயும் கொஞ்சம் பின்வாங்கும். பவுடர் நன்றாகப் போட்ட பலகையில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவது கண்ணுக்குத் தெரியும்.

இதைச் சீர்செய்தவர்களில் கிறிஸ்டியான் ஹைகன்ஸின் வழி எனக்கு மிகவும் நெருக்கமானது. 1650களிலேயே எழுதிவிட்டார், அச்சில் வந்தது அவர் இறந்த பிறகு, 1703இல். அவர் ஒரு படகைக் கற்பனை செய்தார். ஹாலந்துக்காரர், வீட்டு வாசலில் கால்வாய் ஓடும் நாடு. படகில் நிற்பவர் இரண்டு கையிலும் நூலில் கட்டிய ஒரே மாதிரி உருண்டைகளைப் பிடித்திருக்கிறார். இரண்டையும் சம வேகத்தில் நெருங்கவிடுகிறார். மோதி, வந்த வேகத்திலேயே திரும்புகின்றன. இதில் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்போது ஒன்று மட்டும் தனித்து நடந்துகொள்ள எந்தக் காரணமும் இல்லை.

இப்போது படகு, அந்த உருண்டைகளின் வேகத்திலேயே கால்வாயில் நகர்கிறது. கரையில் ஒருவர் நின்று பார்க்கிறார். அவர் கண்ணுக்குப் பின்னோக்கி வந்த உருண்டை அசையாமல் நிற்கிறது. மற்றது இரட்டை வேகத்தில் வருகிறது. மோதிய பிறகு? வந்தது நின்றுவிடுகிறது. நின்றது இரட்டை வேகத்தில் கிளம்பிப் போகிறது.

காய் காயின் நடுநெற்றியில் மோதும்போது முதல் காய் அப்படியே நின்று, இரண்டாவது போவதைப் பார்த்திருக்கிறோம். அதன் காரணத்தை ஹைகன்ஸ் ஒரு விசையையும் அளக்காமல், நிற்கும் இடத்தை மட்டும் மாற்றிக் கண்டுபிடித்துவிட்டார். படகுக்காரரும் கரையில் இருப்பவரும் சொல்லும் எண்கள் வேறு வேறு. இரண்டு பேருக்கும் உந்தத்தின் கூட்டுத்தொகை முன்னும் பின்னும் ஒன்றாகவே இருக்கிறது, திசையைச் சேர்த்து எண்ணினால். 1668–69இல் லண்டன் ராயல் சொசைட்டி மோதல் விதிகளைக் கேட்டபோது வாலிஸ், ரென், ஹைகன்ஸ் மூன்று பேரும் தனித்தனியாகத் தங்கள் பதில்களை அனுப்பினார்கள்.

கடினமான மோதல் கணக்கு வந்தால் படகில் ஏறிக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். மொத்த உந்தம் சுழியாகத் தெரியும் இடத்தில் போய் நின்றால், பாதிக் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

*

உந்த விதியை வைத்துப் போட்ட கணக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1932இல் ஜேம்ஸ் சாட்விக் போட்டது. பிளஸ் ஒன் அளவுக்கு மேலான கணிதம் அதில் துளியும் இல்லை. உலகம் எதனால் ஆனது என்ற பட்டியலை அது மாற்றியது.

பொலோனியத்திலிருந்து வரும் ஆல்ஃபா துகள்கள் பெரிலியத்தில் பட்டால், ஈயத்தையே ஊடுருவிப் போகும் ஒரு கதிர் வருகிறது என்று 1930இல் போத்தேவும் பெக்கரும் ஜெர்மனியில் கண்டிருந்தார்கள். அதற்கு மின்னூட்டம் இல்லை; தடம் பதிக்காது. காமா கதிர் என்று எண்ணிக்கொண்டார்கள். 1932 ஜனவரியில் பாரிஸில் ஐரீன் கியூரியும் ஃப்ரெடெரிக் ஜோலியோவும் அந்தக் கதிரின் வழியில் பாரஃபின் மெழுகை வைத்தார்கள். மெழுகிலிருந்து புரோட்டான்கள் பெரும் வேகத்தில் தெறித்தன. அவர்களும் காமா கதிர்தான் தட்டுகிறது என்றே சொன்னார்கள்.

கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் இருந்த சாட்விக்கால் அதை ஏற்க முடியவில்லை. ஒளியிடம் அதன் ஆற்றலுக்குத் தகுந்த உந்தம் கிடையாது, மிகக் கொஞ்சம்தான். ஒரு புரோட்டானை அவ்வளவு வேகத்தில் உதைக்க வேண்டுமானால் காமா கதிருக்குச் சுமார் 5 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். உள்ளே போன ஆல்ஃபாவிடம் இருந்ததோ 53 லட்சம். நைட்ரஜன் போன்ற கனமான அணுக்கள் தெறிப்பதை விளக்க முயன்றால் இன்னும் அதிக ஆற்றல் தேவைப்பட்டது. ஒரே கதிர், இலக்கு மாறினால் ஆற்றலும் மாறுமா?

வந்து தட்டுவது நிறையுள்ள ஒரு துகள் என்று வைத்துக்கொண்டு அவர் கணக்குப் போட்டார். அந்தத் துகளின் நிறை தெரியாது. வேகமும் தெரியாது. அதைப் பார்க்க முடியாது. அது தட்டிவிட்டவற்றை மட்டும் அளக்கலாம்.

நேருக்கு நேர் மோதும் மீட்சி மோதலில், தட்டுப்பட்டது எடுத்துக்கொள்ளும் வேகத்தை உந்த விதியும் ஆற்றல் விதியும் சேர்ந்து சொல்லிவிடும்: வந்ததன் வேகத்தை வந்ததன் நிறையின் இரு மடங்கால் பெருக்கி, இரண்டு நிறைகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஹைட்ரஜனுக்கு ஒரு முறை எழுதுங்கள், நிறை 1. நைட்ரஜனுக்கு ஒரு முறை எழுதுங்கள், நிறை 14. ஒன்றை மற்றதால் வகுத்துவிடுங்கள். தெரியாத வேகம் மேலும் கீழும் இருப்பதால் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது ஒரே ஒரு தெரியாத எண், அந்தத் துகளின் நிறை.

ஹைட்ரஜனின் உச்ச வேகம் வினாடிக்கு 33,000 கி.மீ. நைட்ரஜனுக்கு 4,700 கி.மீ. உச்ச வேகத்தை ஏன் எடுக்க வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஓரத்தில் உரசிப் போகும் மோதல்களில் வேகம் எப்படி வேண்டுமானாலும் பங்காகும். மிக அதிக வேகத்தில் தெறித்தவைதான் நேருக்கு நேர் அடிபட்டவை. விகிதம் ஏழு. அதாவது, நிறையோடு 14ஐக் கூட்டினால் வருவது, நிறையோடு 1ஐக் கூட்டினால் வருவதைப்போல ஏழு மடங்கு. தாளை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள், இரண்டு வரிதான். சாட்விக் தன் கட்டுரையில் 1.15 என்று எழுதினார். அளவீட்டில் பத்து சதவீதம்வரை பிழை இருக்கலாம் என்றும் சொல்லி, புரோட்டானின் நிறையேதான் இதற்கும் என்று முடிவுக்கு வந்தார். இன்றைய அளவு 1.0087.

நியூட்ரான் அப்படித்தான் கிடைத்தது. ‘நேச்சர்’ இதழுக்கு அவர் அனுப்பிய கடிதத்தில் போட்டிருக்கும் தேதி 1932 பிப்ரவரி 17. மூன்று வருடம் கழித்து நோபல் பரிசு.

எந்தக் கருவியிலும் தடம் வைக்காமல் போகத் தெரிந்த துகள் அது. மின்னூட்டம் இல்லை, ஒளி இல்லை, மேகக் கூண்டில் ஒரு கோடுகூட இழுக்காது. ஆனால் யாரையாவது இடித்துவிட்டால் தன் உந்தத்தில் ஒரு பங்கைக் கொடுக்காமல் போக அதற்கும் வழி இல்லை. என் மாணவி கேட்ட கேள்வியின் இன்னொரு முனை இது. மோதலின் நடுவைப் பார்க்காமல் விடை சொல்ல முடிகிறது என்பது ஒன்று. மோத வந்தது யார் என்பதையே பார்க்காமலும் சொல்ல முடிகிறது.

*

ஏன் மாறுவதில்லை என்று இன்னும் ஒரு படி ஆழத்தில் கேட்டால், மூன்றாம் விதிக்கும் கீழே ஒரு காரணம் இருக்கிறது. 1918இல் கோட்டிங்கனில் எம்மி நோதர் அதை நிரூபித்தார். இயற்கையின் விதிகள் இங்கே ஒன்று, ஒரு காத தூரம் தள்ளி வேறொன்று என்று மாறுவதில்லை. வெளியில் எந்த இடத்துக்கும் தனிச் சலுகை இல்லை. அந்தச் சமத்துவத்திலிருந்தே உந்தத்தின் அழிவின்மை வருகிறது. பெண் என்பதால் அப்போது அவருக்குத் தன் பெயரில் வகுப்பெடுக்கக்கூட அனுமதி இல்லை. அங்கிருந்த கணிதப் பேராசிரியர் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளை அவர் எடுத்தார்.

ராபின்ஸ் தன் ஊசலை இங்கிலாந்தில் தொங்கவிட்டாலும் தேவனாம்பட்டினத்து மணலில் தொங்கவிட்டாலும் மரத்துக்குள் குண்டு பாயும் அந்த மில்லி வினாடியின் கணக்கு ஒன்றே. கட்டை ஏறும் உயரம் மயிரிழை வேறுபடும், புவியீர்ப்பு இரண்டு இடத்திலும் துளி வேறு என்பதால். மோதல் மட்டும் இடம் பார்ப்பதில்லை. நோதரைப் படித்த பிறகு, அப்படி இடம் பார்க்காததுதான் உந்தம் மாறாததற்குக் காரணம் என்று புரிந்தது. நான் இதை வகுப்பில் முழுசாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. அதற்கான கணிதம் பிள்ளைகளுக்குப் பிறகுதான் வரும். ஆனாலும் சொல்லாமல் விட மனசு வருவதில்லை.

*

ராபின்ஸின் ஊசலை மனிதர்கள் வானத்திலும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டார்கள். டிடிமோஸ் என்ற சிறுகோளை டைமார்ஃபோஸ் என்ற குட்டிப் பாறை ஒன்று சுற்றுகிறது; குறுக்களவு ஏறக்குறைய 150 மீட்டர். 2022 செப்டம்பர் 26 அன்று, நமக்கு மறுநாள் விடிகாலை, நாசாவின் டார்ட் விண்கலம் அதன்மேல் நேராக மோதியது. பூமியை நோக்கி என்றாவது ஒரு பாறை வந்தால் இடித்துத் திசைமாற்ற முடியுமா என்று பார்க்கும் சோதனை. இங்கே கயிற்றுக்குப் பதில் ஈர்ப்பு. ரிப்பனுக்குப் பதில், குட்டிப் பாறை பெரியதன் முன்னும் பின்னும் போகும்போது தொலைநோக்கியில் தெரியும் ஒளிக்குறைவு. சுற்றும் நேரம் 11 மணி 55 நிமிடமாக இருந்தது. மோதலுக்குப் பின் 33 நிமிடம் குறைந்துவிட்டது. 73 வினாடி மாறினாலே வெற்றி என்று வைத்திருந்தார்கள்.

கணக்கைப் போடுவோம். கலத்தின் நிறை சுமார் 580 கிலோ, வேகம் வினாடிக்கு 6.14 கி.மீ. உந்தம் ஏறக்குறைய 35 லட்சத்து 60 ஆயிரம். பாறையின் நிறை சுமார் 430 கோடி கிலோ என்று எடுத்துக்கொள்கிறார்கள். கலம் உள்ளே புதைந்துபோனது, கட்டைக்குள் குண்டு போல, என்று வைத்து வகுத்தால் பாறையின் வேகம் வினாடிக்கு 0.8 மில்லிமீட்டர் மாற வேண்டும்.

அளந்து பார்த்தபோது மாறியது 2.7 மில்லிமீட்டர். மூன்று மடங்குக்கும் மேல்.

வகுப்பில் இந்த எண்ணைச் சொன்னதும் எல்லோரும் விதி பொய்த்துவிட்டதா என்பதுபோல் பார்த்தார்கள். “வட்டத்தை எங்க போட்டீங்க?” என்று கேட்டேன். கலத்தையும் பாறையையும் சுற்றித்தான் போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அதே முன் வரிசைப் பெண், “சார், தூசி!” என்றாள்.

ஆமாம், தூசிதான். மோதிய இடத்திலிருந்து கல்லும் மண்ணும் கலம் வந்த திசையை நோக்கியே பீறிட்டுத் தெறித்தன. அவை பின்னால் கொண்டுபோன உந்தத்துக்கு ஈடாகப் பாறை முன்னால் தள்ளப்பட்டது. தெறித்த தூசியின் பங்கு, கலம் கொண்டுவந்த உந்தத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று கழித்தலே சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு கல்லும் எந்த வேகத்தில் போனது என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி அவற்றையும் உள்ளே சேர்த்தால் கணக்கு நேராகிவிடுகிறது.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் பாக்கி. 430 கோடி கிலோ என்பது பாறையின் பருமனை வைத்து, அடர்த்தியை ஊகித்துப் போட்ட எண். யாரும் நேரில் நிறுத்துப் பார்த்ததில்லை. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹேரா விண்கலம் 2024 அக்டோபர் 7 அன்று கிளம்பியிருக்கிறது. 2026 இறுதியில் அங்கே போய்ச் சேர்ந்து டைமார்ஃபோஸின் நிறையை அளப்பது திட்டம். அந்த எண் வந்ததும் இந்த வகுத்தலை மறுபடி போட வேண்டும். தூசியின் பங்கு கூடுமா குறையுமா என்று அப்போது பார்ப்போம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.